எனக்கும் மணக்கேல்லை என்று சொன்ன நாள்

போன வருடம் தை மாதக் கடைசியில் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. ஆறாம் நாள் காலையில் எழும்பி முகம் கழுவும்போது சவர்க்காரம் மணக்கவில்லை. மூக்கடைப்பு என்று நினைத்தேன். அடைப்பு விட்டது, மணம் வரவில்லை. கோப்பி, மீன் குழம்பு, மகளின் தலையில் வைத்த எண்ணெய், எதுவும் தெரியவில்லை. நாள்கள் போயின. ஒரு கிழமை, இரண்டு கிழமை. எனக்குப் பயம் பிடித்தது.

மூக்கு மணக்காதது ஒரு பெரிய கஷ்டமா என்று நீங்கள் கேட்கலாம். என் வேலையைச் சொன்னால் விளங்கும். நம் சபையில் பலருக்கு நான் 'தண்ணிப் பகுதியில் வேலை' என்றுதான் தெரியும். அப்படித்தான் நான் சொல்லி வந்தேன். உண்மையில் நான் வேலை செய்வது கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில். வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள மலக்குழிகளிலிருந்து உறிஞ்சிய கழிவைப் பவுசர் எனும் தாங்கி லொறிகள் கொண்டுவந்து ஊற்றும். தண்ணீரை வடித்த பிறகு மிஞ்சுகிற சேற்றைக் காற்றுப் புகாத பெரிய தாங்கி ஒன்றுக்குள் விடுவோம். அதற்குள் இருக்கும் கிருமிகள் அந்தச் சேற்றைத் தின்று செரிக்கும். டைஜெஸ்டர் என்று சொல்வார்கள். நான் பிள்ளைகளுக்கு மாட்டின் வயிறு என்று விளக்குவேன். அந்த வயிற்றுக்கு அளவாகத் தீனி போடுவது, சூடு பார்ப்பது, கலக்கி விடுவது, அதிலிருந்து வருகிற வாயுவைப் பாதுகாப்பாக எரிய விடுவது, இவைதான் என் வேலை. தீனி கூடினால் அதற்கும் புளிக்கும். புளித்தால் உள்ளே கிருமிகள் செத்துவிடும். திரும்ப உயிர்ப்பிக்க மாதக்கணக்காகும்.

அது புளிக்கத் தொடங்குவதை ஆய்வுகூடத் தாள் வருமுன்பே நான் மணத்தில் சொல்லிவிடுவேன். எங்கள் பொறியியலாளர் அம்மாவே "மூக்கர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. எனக்கு அதில் பெருமை இருந்தது. ஊரில் சொல்ல வெட்கப்பட்ட வேலையில் எனக்கென்று இருந்த ஒரேயொரு மரியாதை அந்த மூக்கு.

அதனால் மறைத்தேன். வேலை இடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். தாளைக் கள்ளமாகப் பார்த்துவிட்டு மணந்து சொல்வது போலச் சொன்னேன். வாயு அளக்கும் மீற்றரை எந்நேரமும் மேசையில் சார்ஜில் வைத்திருந்தேன். சேற்றுக் குழியைத் திறக்கும் நாள்களில் காற்று அடிக்கும் புளோவரை முதலே கொண்டுபோய் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் கவனமாகிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

வீட்டிலும் மறைத்தேன். ஒரு ஞாயிறு காலை நான் குசினி வாசலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, அடுப்பில் பால் பொங்கிக் கருகியிருக்கிறது. என் மனைவி ஜெயந்தி கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள்.

"இஞ்சருங்கோ, பக்கத்திலதானே இருக்கிறியள். வீடு முழுக்கக் கருகி மணக்குது. உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "வேலையில சொல்லிப்போடுங்கோ. உது விளையாட்டில்லை" என்றாள். நான் சொல்லுகிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஜெபித்தேன். அதை மட்டும் விடாமல் செய்தேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில், சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, "ஆண்டவரே, இன்றைக்கு மணக்கட்டும்" என்பேன். புகையிலை மணம் உச்சியைப் பிடிக்கிற நேரம் அது. ஒன்றும் தெரியாது. சபையில் விண்ணப்பம் கேட்டபோதும் "சொல்ல முடியாத ஒரு காரியம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். போதகர் ஐயா அப்படியே வாசித்து ஜெபித்தார். நீங்களும் ஆமென் சொன்னீர்கள். நான் எதற்காக ஜெபிக்கக் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆண்டவர் கொடுக்க வேண்டும், மனிதருக்குத் தெரியவும் கூடாது. அப்படி ஒரு ஜெபம்.

பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணி வெயில். தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சேற்றுக் குழியில் பம்ப் இறுகிவிட்டது. துணியோ என்னவோ உள்ளே சிக்கியிருந்தது. அதை எடுக்க ஆள் இறங்க வேண்டும். என்னோடு நின்றவர் குணம் அண்ணை. மயிலிட்டிப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பம். கடலை விட்டு எனக்கு முதலே இந்த வேலைக்கு வந்தவர். எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர். ஒரு பயமும் இல்லாத மனிதர்.

மூடியைத் திறந்தோம். குணம் அண்ணை குனிந்து பார்த்தார்.

"முதல் கூழ்முட்டை மாதிரி மணந்தது. இப்ப ஒண்டும் இல்லை. வாயு வெளியேறிட்டுது போல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு மணக்குதோ தம்பி?"

"எனக்கும் மணக்கேல்லை அண்ணை" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"எதுக்கும் நில்லுங்கோ. வயரை எடுத்துக்கொண்டு வாறன். பத்து நிமிசம் காத்து அடிச்சிட்டு இறங்குவம்" என்று சொல்லிவிட்டுக் களஞ்சிய அறைக்குப் போனேன். புளோவர் குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு நீட்டுகிற வயர்தான் இல்லை. வயரையும் மேசையிலிருந்த மீற்றரையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

குழியிலிருந்து நாலைந்து அடி தூரத்திலேயே மீற்றர் கத்தத் தொடங்கியது. குணம் அண்ணையை மேலே காணவில்லை. எட்டிப் பார்த்தேன். ஏணியின் கடைசிப் படியில் நின்றார். இடுப்பில் கயிறு இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிடித்த கை தானாகக் கழன்றது. பம்ப் நிற்கிற சீமெந்துத் திட்டில் சரிந்து விழுந்து, இருந்தபடியே சுவரோடு தலை சாய்த்துவிட்டார். இடுப்பு வரை சேறு.

அவர் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன், இறங்காதேயுங்கோ என்று. அவர் என் மூக்கை நம்பி இறங்கிவிட்டார்.

பவுசரைக் கழுவிக்கொண்டிருந்த சாரதி சிவா என் சத்தம் கேட்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் ஏணியில் காலை வைத்துவிட்டான். நான் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை. ஆள் சாகப்போகுது."

"இறங்கினா நீயும் அதிலதான் கிடப்பாய்."

அவனைப் பிடித்திருந்த எனக்கே இறங்க வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அது வீரம் இல்லை. இவர் செத்தால் நான் எப்படி உயிரோடு இருப்பது என்ற நினைப்பு. அவரோடு நானும் போய்விட்டால் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு கால் படியை நோக்கிப் போனது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் ஜெபித்தேன். நாற்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மூக்கை நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, பொய் சொன்னவன் நான். அதுக்கு இவரை எடுக்காதேயும். என்னைப் பிடியும்." இவ்வளவுதான். சத்தமாகச் சொன்னேனா மனதிலா தெரியாது. சத்தமாகத்தான் சொன்னேன் என்று சிவா பிறகு சொன்னான்.

வானத்திலிருந்து குரல் வரவில்லை. படிக்குப் போன கால் திரும்பி வந்தது. அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று பயிற்சியில் படித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதுதான் எனக்கு வந்த பதில்.

வயரைச் சிவாவின் கையில் கொடுத்து மோட்டர் அறைக்கு ஓடவிட்டேன். புளோவரின் நீளக் குழாயைக் குழிக்குள் இறக்கி, வாய் குணம் அண்ணையின் முகத்துக்கு நேரே நிற்கும்படி பிடித்தேன். புளோவர் சுழன்றது. சிவா அம்புலன்சுக்குப் போன் அடித்தான். மீற்றரைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டேன். அது கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டு நிற்பதைப் போலக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. வாயிற் காவலாளி ஐயாவும் வந்து சேர்ந்தார்.

மீற்றர் கத்துவது நின்றது.

இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டி கட்டிக்கொண்டு இறங்கினேன். பம்பைத் தூக்குகிற சங்கிலிக் கப்பியில் என் கயிற்றை மாட்டி இருவரும் மேலே பிடித்தார்கள். குணம் அண்ணையின் மூக்கடியில் கன்னத்தை வைத்தேன். மெல்லிய சூடு பட்டது. மூச்சிருந்தது. இன்னொரு பட்டியை அவர் நெஞ்சைச் சுற்றிக் கட்டி மேலே அனுப்பினேன். அவரைத் தரையில் சரித்துக் கிடத்தியபோது இருமினார். அந்த இருமலுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

இரண்டு நாள் அவருக்கு நினைவு சரியாக வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பொறியியலாளர் அம்மாவின் அறைக்கு முன்னால் போய்ப் போய்த் திரும்பினேன். இரண்டாம் நாள் பின்னேரம் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலிலிருந்து தொடங்கி, "எனக்கும் மணக்கேல்லை" வரை. அவர் கடைசிவரை கேட்டார்.

"உந்த வாயு கூடினால் முதல்ல மூக்கைத்தான் சாக்காட்டும். மணம் நிண்டது எண்டால் வாயு போயிட்டுது எண்டு அர்த்தமில்லை. உங்கடை மூக்கு நல்லா இருந்திருந்தாலும் உதைத்தான் சொல்லியிருக்கும்" என்றார். பிறகு, "எண்டாலும் நீங்கள் மறைச்சது பிழை. எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு மாதம் தாங்கிப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். பிறகு ஒரு புதிய கட்டளை சுவரில் ஏறியது. மீற்றர் சரியென்று காட்டாமல், காற்று அடிக்காமல், கயிறு கட்டாமல் ஒருவரும் இறங்கக்கூடாது. மணத்தைக் கேட்டு ஒரு முடிவும் எடுக்கக்கூடாது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குணம் அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பரமேஸ் அக்கா. என்னைக் கண்டதும் அக்கா எழும்பிக் கையைப் பிடித்தார். "நீ இல்லையெண்டால் இண்டைக்கு இவர் இல்லை தம்பி" என்றார். அந்தக் கை என் கையில் இருக்கும்போதே சொன்னேன். கை மெதுவாக விலகியது.

"என்ரை பிள்ளையளுக்கு நீ என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டார். குணம் அண்ணை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோன தோடம்பழப் பையை வைக்கலாமா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிரவு ஜெயந்தியிடம் எல்லாம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "நாளைக்கும் போங்கோ" என்றாள். போனேன். அடுத்த நாளும் போனேன். ஐந்தாம் நாள் குணம் அண்ணை, "உதில இரு" என்று கதிரையைக் காட்டினார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். வைகாசியில் அவர் வேலைக்குத் திரும்பியபோது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கோவம் இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன். கயிறு கட்டாமல் இறங்கினது என்ரை விசர். நீ நில்லுங்கோ எண்டு சொல்லியும் நான் நிக்கேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் முருகனுக்குக் கடன்பட்டிருக்கிறம்" என்றார். பிறகு சிரித்தார். "நீ உன்ரை ஆண்டவருக்கு."

பரமேஸ் அக்காவுக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. இந்த ஆவணியில் அவர்களுடைய மகளின் கலியாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பந்தியில் அக்கா தானே வந்து என் இலையில் பாயாசம் ஊற்றினார். "வடிவாச் சாப்பிடு" என்றார். ஒரு சொட்டும் விடாமல் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன்? மூக்கு வருவதற்காக நான் ஜெபித்த ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது. இடைக்கிடை எலுமிச்சம்பழம் போல ஏதோ ஒன்று தெரிந்து மறைகிறது. அவ்வளவுதான். வந்தால் சந்தோசம். ஆனால் குழி வாசலில் நான் கேட்டது கிடைத்தது. என்னைப் பிடியும் என்றேன், பிடித்தார். இவரை எடுக்காதேயும் என்றேன், எடுக்கவில்லை. அதற்கு முதல் நாற்பது நாளும் அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு சின்ன உண்மையை. அதைக் கொடுக்காமல் நான் மூக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், கழிவுநீர் நிலையத்தில் டைஜெஸ்டர் ஒப்பரேட்டர் என்றே சொல்கிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். பரவாயில்லை. உங்கள் வீட்டுக் கிணறும் என் வீட்டுக் கிணறும் குடிக்கக்கூடியதாக இருப்பதற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

சகோதரரே, சகோதரிகளே, நீங்களும் ஏதாவது ஒன்றை மூடி வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நோயாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். அதை இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். ஒரு கெடுதலும் வராது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குக் கடிதம் வந்தது, ஒரு நல்ல மனிதர் என்னைப் பார்க்காமல் முகம் திருப்பினார். ஆனால் அதற்குப் பிறகு நான் முழங்காலில் நிற்கும்போது ஒன்றையும் சுற்றிப் போக வேண்டியிருக்கவில்லை. நேரே கேட்கிறேன். அவர் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிகிறது.