ஐந்தாவது கொப்பி

பெறுபேறு வந்த அன்று அவிசாவளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன். ஜெர்மன் மொழி, பி-2 நிலை. வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றிலும் சித்தி. பேச்சில் மட்டும் தவறியிருந்தேன். ஜெர்மனியில் தாதியர் பயிற்சிக்கு எனக்கு இடம் தருவதாகச் சொன்ன மருத்துவமனை நான்கு பிரிவிலும் சித்தி கேட்டது. ஐந்து மாதம் பொறுப்போம், அதற்குள் தேறாவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை கிளாஸில் மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "வச்சன மதி, நங்கி," என்றார். தங்கச்சிக்குச் சொற்கள் போதாதாம். அவர் சிங்களத்தில்தான் ஜெர்மன் கற்பிப்பார். அந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சொல் போதாதா? எனக்கா?

என் சொற்கள் எப்படி வந்தவை என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் அங்கே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறோம், அம்மா அங்கே பால் வெட்டுகிறார், அவ்வளவுதான். தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள்; அம்மாவின் பொறுப்பில் இரண்டு துண்டு மரங்கள். இன்று ஒரு துண்டை வெட்டினால் நாளை மற்றது. வெட்டிய மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. கிளாஸ் இல்லாத நாட்களில் விடியற்காலையில் நானும் கூடப் போவேன். அம்மா பட்டையில் கத்தியை இழுத்து, பால் சிரட்டைக்குள் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்கு நகர்வார். நான் பின்னால் சொற்கள் எழுதுகிற கொப்பியுடன் நிற்பேன். ஒரு மரத்துக்கு ஒரு சொல். பெரிய கல்லுக்குப் பக்கத்து மரம் 'பொறுப்பு'. அட்டை அதிகம் கடிக்கிற மரம் 'காப்புறுதி'. மறுமுறை அந்த மரத்துக்கு வரும்போது அதன் ஜெர்மன் சொல் வாயில் வராவிட்டால் அங்கிருந்து நகர மாட்டேன். ஒரு சொல் பழகியதும் அந்த மரத்துக்குப் புதுச் சொல் கொடுப்பேன். மழை பெய்து வெட்டு நின்றால் எனக்கும் விடுமுறை.

இப்படி நான்கு தடித்த கொப்பிகள் நிரம்பின. தாளை மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் ஜெர்மன், நடுவில் மிஸ் சொன்ன சிங்களம், வலப்பக்கம் நானே போட்ட தமிழ். ஏசி வேனில் கிளாஸுக்கு வருகிறவர்களில் ஒருவரிடமும் இத்தனை சொல் கிடையாது. இதை நான் தலைக்கனத்தோடுதான் சொல்கிறேன்.

பிறகு பரீட்சையில் என்ன நடந்தது? கொழும்பில் நடக்கிற பேச்சுப் பரீட்சையில் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து ஒரு விடயம் கொடுப்பார்கள். வாதாட வேண்டும். எங்களுக்கு வந்தது, அலுவலகத்துக்கு நாயைக் கூட்டி வரலாமா என்பது. எனக்கு முன்னால் நீர்கொழும்பு இளைஞர் ஒருவர். நாய் பக்கத்தில் இருந்தால் மனம் இலேசாகும் என்றார். ஆம், நீங்கள் சொல்வது சரி என்றேன். வேலை செய்பவர்கள் நெருக்கமாவார்கள் என்றார். முழுமையாக உடன்படுகிறேன் என்றேன். பாவம், எனக்கு உதவவென்று அவரே கட்சி மாறி, ஆனால் சிலருக்கு நாய் ஒத்துக்கொள்ளாதே என்றார். அதற்கும் உடன்பட்டேன். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்றேன்.

சின்ன வயதில் தோட்டத் துரையின் பங்களா நாய் என் கெண்டைக்காலைப் பிடித்திருக்கிறது. தழும்பு இன்னும் இருக்கிறது. கடி, சங்கிலி, தடுப்பூசி, பயம் என்று எல்லாச் சொற்களும் மரத்துக்கு மரம் இருந்தன. ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

ஏன் என்பது அடுத்த வாரம் பெரட்டில் விளங்கியது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் பெரட்டு. அங்கே கண்டக்டர் ஐயா, பஸ் கண்டக்டர் அல்ல, மலையில் வேலையை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர், அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்டு ஓரத்து மரத்த கட்ட தெரிய வெட்டி வச்சிருக்கியே, கண்ணு தெரியலியா?"

"ஆமாங்கய்யா," என்றார் அம்மா.

"இனிமே இப்பிடி நடக்கக்கூடாது."

"செரிங்கய்யா."

கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கினால் மரம் காயப்படும். ஆனால் அந்த மரம் அம்மாவின் துண்டிலேயே இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கு நான் ஒரு சொல்லும் கொடுத்ததில்லை. மேலே ஏறும்போது கேட்டேன்.

"அந்த மரத்த நீங்க தொட்டதே இல்லியேம்மா. ஏன் ஆமாங்கன்னீங்க?"

"ஆமான்னா ஆமான்னு அர்த்தமா? வேல நடக்கணும்ல. வா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான். மேலேயிருந்து எது வந்தாலும் முதலில் ஆமாம்; மறுப்பெல்லாம் வீட்டுக்கு வந்து சட்டிபானையிடம். நான் கொழும்பு வரை போய், ஒன்றும் அறியாத நீர்கொழும்புக்காரரைக் கண்டக்டர் ஐயாவாக்கிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. மிஸ் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் மனமில்லை.

ஐந்தாவது கொப்பி வாங்கினேன். அதில் மறுக்கிற சொற்கள் மட்டும். விடர்ஸ்ப்ரெஹென், எதிர்த்துப் பேசுவது. அப்லேனென், வேண்டாமென்று தள்ளுவது. இம் கேகென்டைல், நேர்மாறாக. அகராதியைப் பார்த்துத் தமிழ்ப் பக்கத்தில் 'மறுதலித்தல்' என்று எழுதினேன். எங்கள் மலையில் யார் வாயிலும் வராத சொல். அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு அம்மாவிடம் போனேன்.

"கண்டக்டர் ஐயா சொல்றது தப்புன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னா, எப்பிடிச் சொல்வீங்க?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். மரங்களைத் தவிர யாருமில்லை.

"அப்பிடி இல்லீங்கய்யா... இப்பிடித்தான் சொல்லணும்."

"இன்னும்?"

"நாஞ் செய்யாதத செஞ்சேன்னு சொல்லாதீங்க."

"இன்னும்?"

"முடியாதுங்க, வேற ஆளப் பாருங்க." சொல்லிவிட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்று நாளில் மறுப்புகள் நான் கேட்காமலே வரத் தொடங்கின. "எழுதிக்கடி, இன்னொண்ணு இருக்கு" என்று இரண்டு மரம் தள்ளியிருந்து கத்துவார். நான் அதற்கு ஜெர்மன் தேடுவேன். பிறகு அம்மாவே கண்டக்டர் ஆனார். கைகளைப் பின்னால் கட்டி, தொண்டையைச் செருமி, "ஏய், இந்த மரத்த நீதான காயப்படுத்துன?" என்பார். நான் ஜெர்மனில் மறுப்பேன். அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் "பத்தாது, பயந்த மாதிரி இருக்கு, திருப்பிச் சொல்லு" என்று சரியாகப் பிடித்துவிடுவார். அந்த நான்கு மாதமும் அந்தத் துண்டு மரங்கள் கேட்ட சண்டை கொஞ்சமல்ல.

இரண்டாம் முறை எனக்கு வந்த விடயம் பாடசாலைச் சீருடை. எதிரே இருந்த கண்டியைச் சேர்ந்த பெண், சீருடை பிள்ளைகளின் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்றார். இம் கேகென்டைல் என்றேன். சீருடை போட்டிருந்த நேரத்தில் மட்டும்தான் நான் எந்த லயத்துப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அந்தச் சுதந்திரத்தை நீங்கள் பறிக்கப் பார்க்கிறீர்கள் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. நேரம் முடிந்தது, நன்றி என்றார் பரீட்சகர். எனக்கு இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கதவைக் காட்டினார்.

சித்தி.

விசா வந்த வாரம், பெரட்டில் மறுபடியும் அதே மேட்டு ஓரத்து மரத்தின் கதை. காயம் ஆறவில்லையாம், அம்மாவின் வேலைதானாம். நான் பின்வரிசையில் நின்றேன். வாய் துடித்தது. அதற்கு முன் அம்மாவின் குரல் கேட்டது.

"அப்பிடி இல்லீங்கய்யா. அது எந்துண்டு மரம் இல்லீங்க."

"மக ஜெர்மன் போறான்னு வாய் நீளுதோ?" என்றார் கண்டக்டர்.

"நாஞ் செய்யாதத செஞ்சேன்னு சொல்லாதீங்க. வந்து பாருங்கய்யா, காட்டுறேன்."

அவர் வரவில்லை. ஆனால் அந்த மரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. மலை ஏறும்போது அம்மாவின் கத்தியை வாங்கி நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். கத்தியை வாங்கி நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

புறப்படுகிற அன்று பெட்டியில் ஐந்து கொப்பிகளையும் அடுக்கினேன். அம்மா வந்து, மேலே இருந்ததை எடுத்துக்கொண்டார்.

"இது இங்க இருக்கட்டும்."

"அது ஜெர்மன் கொப்பிம்மா. எனக்கு அங்க வேணும்."

"தமிழ்ப் பக்கம் பூராவும் நாஞ் சொன்னது," என்றார் அம்மா. "முடியாதுங்க, வேற ஆளப் பாருங்க."

நான்கு கொப்பிகளோடுதான் விமானம் ஏறினேன்.