காதால் இழுத்த தேர்

கனடாவில் யாரோ ஒரு பெரியப்பா செத்துப்போனதால் பாரிசில் எங்களுக்குத் தேர் இல்லாமல் போயிற்று. அவரை நான் கண்டதில்லை. அம்மாவும் கண்டதில்லை. அப்பாகூடச் சிறுவயதில் ஒருதரம் அவருடைய சைக்கிளில் ஏறியதோடு சரி. ஆனால் சாவுத் துடக்கு விசா இல்லாமலே எந்த நாட்டுக்கும் வந்து சேரும். அப்பாவின் வழியில் ஒருவர் செத்தால் ஒரு மாதத்துக்குக் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, வீட்டில் விளக்கேற்றக்கூடாது. லா சப்பல் தெருக்களில் பிள்ளையார் தேர் ஓடும் ஞாயிற்றுக்கிழமை அந்த மாதத்துக்குள் வசமாக மாட்டிக்கொண்டது.

எனக்கு ஒன்பது வயது. புதுப் பாவாடை போட முடியாதே என்பதுதான் என் கவலை. அம்மாவின் கவலை பெரிது. எங்களோடு இருந்த சித்தப்பாவின் அகதிக் கேஸ் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. அதுவும் தவறினால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேஸ் சரிவரவேண்டும் என்று அம்மா தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். தலையில் எரியும் சட்டியோடு, தேர் புறப்பட்டு இருப்பிடம் வரும்வரை அதன் பின்னால் நடக்கவேண்டும். நேர்த்தி தவறினால் கேஸும் தவறிவிடும் என்று பயந்தார். சட்டத்தரணியில் அவருக்குப் பாதி நம்பிக்கைதான், மீதி பிள்ளையாரில்.

சித்தப்பாவுக்கு முழு நம்பிக்கையும் சட்டத்தரணியில். கோயில் பக்கம் போனால் அன்னதானத்துக்குத்தான் போவார். ஆனால் அம்மா மூக்கைத் துடைத்துத் துடைத்து வெங்காயம் வெட்டியபோது, வெங்காயத்தின்மேல் பழி போடாத ஒரே ஆள் அவர்தான். "மச்சாள் தேருக்குப் போகேலாட்டி, தேர் இஞ்சை வரட்டும்," என்றார். தேரை நடத்தும் தொண்டர்கள் வோக்கி டோக்கியில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக் கேட்கக் கைக்கடக்கமான ஒரு ரேடியோ இருக்கிறதாம், ஸ்கேனர் என்று பெயராம். "காதுக்கும் துடக்கு இருக்கோ?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளராக என்னைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குப் போனார். சித்தப்பாவின் பிரெஞ்சு பஸ்ஸில் வழி கேட்கப் போதும். பேரம் பேசக் காணாது. மேசை நிறைய ரேடியோக்களைப் பரப்பியிருந்த ஒரு பெண்மணியிடம் நின்றோம். சித்தப்பா உடனே கைவைத்தது இருப்பதிலேயே பெரியதில். நீல வெளிச்சமும் ஏகப்பட்ட பொத்தான்களும் அதில் இருந்தன. அந்தப் பெண்மணி அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, முதலில் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்.

"தேர் எண்டு சொல்லு," என்றார் சித்தப்பா.

தேருக்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியாது. சாமி போகும் பெரிய மரக் கார் என்றேன். யார் ஓட்டுவது என்று அந்தப் பெண்மணி கேட்டார். ஓட்டுவதில்லை, கயிறு கட்டி இழுப்பார்கள் என்றேன். இதற்குமேல் விசாரிப்பது ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ, அவர்கள் கையில் எந்த மாதிரி ரேடியோ இருக்கும் என்று மட்டும் கேட்டார். சுப்பர்மார்க்கெட்டில் சோடியாக விற்கிற சின்ன வோக்கி டோக்கி என்று சித்தப்பா விரல்களால் அளந்து காட்டினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரிய கருவியில் விமானம் கேட்கும், கப்பல் கேட்கும், ஆனால் அந்தச் சின்ன வோக்கி டோக்கிகள் பேசும் அலைவரிசையை அது தாண்டிப் போய்விடும். மூலையில் கிடந்த, கீறல் விழுந்த சின்னதுதான் அதைப் பிடிக்கும். சித்தப்பா அரை மனதோடு அதை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து போட்டால் ஒரே இரைச்சல். இரைச்சலை அடக்க ஒரு திருகு இருந்தது. அம்மாவுக்குத் தலையிடி என்று சித்தப்பா அதைக் கடைசிவரை திருகிவிட்டார். இரைச்சல் போனது, கூடவே எல்லாக் குரல்களும் போயின. சில நாளாக அது வாயே திறக்கவில்லை. தம்பி சந்தையில் ஏமாந்துவிட்டான் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் விளையாட்டாகத் திருகை மறுபக்கம் திருப்பினேன். இரைச்சல் எட்டிப்பார்க்கிற இடத்தில், "கத்தரிக்காய்ப் பெட்டி ரெண்டு மேலை அனுப்பு, முருங்கைக்காயும் முடிஞ்சுது," என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. மெட்ரோவுக்குப் பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் தன்னுடைய நிலக்கீழ் அறையோடு பேசிக்கொண்டிருந்தார். இரைச்சலை முற்றாக அடக்கினால் தூரத்துக் குரலும் சேர்ந்து அடங்கிவிடும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. அதன்பிறகு முருங்கைக்காய் வந்த செய்தி ஊருக்குத் தெரியுமுன் அம்மாவுக்குத் தெரிந்தது.

தேரன்று அப்பா உணவக வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீடு லா சப்பலுக்கு அடுத்த மார்க்ஸ் டோர்மோயில், நாலாம் மாடியில், உள்முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. மேளச் சத்தம்கூட எட்டாது. சித்தப்பா ஸ்கேனரை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி அன்டனாவை நேராக்கினார். அம்மா தலைக்கு முழுகி, புதுச் சட்டியை எடுத்துவந்தார். கற்பூரம் இல்லை, நெருப்பு இல்லை. வெறும் சட்டியோடு வீட்டுக்குள் நடக்கத் துடக்கு தடையில்லை என்று தானே மேன்முறையீடு செய்து தானே தீர்ப்பும் வழங்கியிருந்தார்.

"அண்ணை, பஸ்ஸை மறிச்சாச்சு. தேரை விடுங்கோ!" என்றது ஸ்கேனர்.

அம்மா சட்டியைத் தலையில் வைத்தார். முன்னறையிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து முன்னறைக்கும் நடக்கத் தொடங்கினார். "வடம் பிடிக்கிற ஆக்கள் கொஞ்சம் மெதுவா," என்றால் மெதுவாக நடந்தார். "நிப்பாட்டுங்கோ, தேங்காய் உடைக்கினம்," என்றால் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றார். தேங்காய்த் தண்ணீரில் தொண்டர் தலைவரே வழுக்கி விழுந்தார் என்று செய்தி வந்தபோது சட்டியைப் பிடித்தபடியே சிரித்தார். செத்தவீட்டுச் செய்தி வந்தபிறகு அம்மா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

தேர் கடைசித் தெருவுக்கு வரும் நேரம் ஸ்கேனரின் குரல் கம்மிக் கம்மி நின்றுபோனது. சின்னத் திரையும் அணைந்தது. பற்றரி முடிந்துவிட்டது. அம்மா முதுகைக் காட்டியபடி சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். சித்தப்பா ஸ்கேனரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தச் செத்த கருவியைக் காதோடு வைத்துக்கொண்டு, "மச்சாள், இப்ப முடக்கிலை திரும்புது," என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைக்காரர்கள் ஆராத்தி எடுக்கிறார்கள் என்றார். சனம் பூ எறிகிறது என்றார். யாரோ கைக்குழந்தையைத் தூக்கிச் சாமிக்குக் காட்டுகிறார்கள் என்றார். கோயிலை எட்டிப்பார்க்காத மனிதருக்கு இவ்வளவும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

நான் ஓடிப்போய் டிவி ரிமோட்டைக் கழற்றி இரண்டு பற்றரிகளையும் எடுத்தேன். ஜன்னலுக்கு ஓடும் வழியில் அம்மா எதிரே வந்து மறித்தார். ஒரு கை சட்டியில் இருந்தது. மறுகையால் என் கையைப் பற்றரிகளோடு சேர்த்துப் பொத்தினார்.

"வேண்டாம் பிள்ளை," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சித்தப்பா சொல்லட்டும்."

பிறகு திரும்பி, அவர் சொல்லச் சொல்ல நடந்தார். மெதுவாக என்றால் மெதுவாக நடந்தார், நில் என்றால் நின்றார். கடைசியில், "தேர் இருப்பிடத்துக்கு வந்திட்டுது, மச்சாள்," என்று சொன்னபோது சித்தப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. அம்மா சட்டியை இறக்கி வைத்தார்.

"இனி உமக்குக் கார்ட் கிடைக்கும், தம்பி."

குளிர் முடிந்ததும் வதிவிட அட்டை கிடைத்தது. அதை வாங்கித் தந்தது சட்டத்தரணியா பிள்ளையாரா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு குழப்பம். உண்மைத் தேர் நாலைந்து தெரு தள்ளி ஓடிக்கொண்டிருக்க, நல்ல பற்றரிகள் என் கையில் சூடேறிக்கொண்டிருக்க, எல்லாம் தெரிந்த அம்மா ஏன் சித்தப்பாவின் பொய்த் தேருக்குப் பின்னால் அவ்வளவு பக்தியோடு நடந்தார் என்று எனக்கு விளங்கவே இல்லை.