மூன்றாவது அரையாண்டில் ஒரு மஞ்சள் தாள்

திருகோணமலைப் பாலையூற்றில் போய் இறங்கிய இரண்டாம் நாள், காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோர்வேயில் இருபத்தெட்டு வருடம் தலைமாட்டில் நெருப்புப்பெட்டி வைத்துப் படுத்தவள் நான். ஒரு நாளாவது அதற்கு வேலை வந்ததில்லை. "போயிட்டுது, போயிட்டுது!" என்று கை தட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு ரஞ்சினி பதறிப்போனாள்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. அங்க பழகின உங்களுக்கு இந்த வெக்கை ஏலாது."

"எனக்கென்ன பிள்ளை, நான் இந்த ஊர்க்காரிதானே" என்றேன். கோபத்தில் சொன்னதாக நினைத்துவிட்டாள் போல. கொஞ்ச நேரத்தில் கடைத் தண்ணீர்ப் போத்தல் இரண்டோடு வந்து நின்றாள், வெளிநாட்டு ஆட்களுக்குக் கொடுப்பதுபோல. ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டு வந்தவள் அதை வாங்கிக் குடித்தேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, இங்கே நோர்வேயில் என் மகள் எழுதுகிறாள். என் கதையை அவள் நல்ல தமிழாக்கிவிடுவாள். மற்றவர்கள் கதைத்ததைக் கதைத்தபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய மகள்தான் ஸ்டெல்லா, என்னோடு ஊருக்கு வந்தவள். மின்பொறியியலில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு என்றால் வாத்தியார் தருவதைப் படிப்பது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இந்த நாட்டில் அப்படியில்லை. எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்று பிள்ளையே திட்டம் போட்டு அனுப்ப வேண்டும். பந்தியில் இருந்தால் இலையில் விழுந்ததைச் சாப்பிடுகிற சனம் நாங்கள். இவளைச் சந்தையில் விட்டு, நீயே வாங்கி நீயே சமை என்கிறார்கள்.

ஃபேன் நின்றதால்தான் ஸ்டெல்லாவுக்குச் சாப்பாட்டு மேசையில் தன் தாள்களைப் பரப்ப முடிந்தது. ஒரு பாடத்துக்கு ஒரு துண்டு. இரண்டு வருடம், நான்கு அரையாண்டு, நான்கு வரிசை. நீலம் கட்டாயப் பாடம், பச்சை விருப்பப் பாடம். மஞ்சள் ஒன்றே ஒன்று, அதுதான் திருகோணமலை. மூன்றாவது அரையாண்டில் அங்கே போய், படகுத் துறைக்கு வெயிலில் கரண்ட் எடுக்கிற வேலையில் ஆறு மாதம் பயிற்சி செய்யலாமாம். அவள் போனால் நானும் போகலாம். அங்கே தனியே இருக்க மகள் விடமாட்டாள். என் நெஞ்சு வருத்தம் அப்படி. ஆறு மாதம்! கிண்ணியாத் தயிர், கோயில் திருநாள், வாசலில் மீன்காரரோடு சண்டை. அதற்குள் கண்ணை மூடினாலும் அங்கே புதைத்த என் அவருக்குப் பக்கத்தில் கிடப்பேன் என்றும் நினைத்திருந்தேன். மகளே, அதையும் எழுது.

ஆனால் மஞ்சள் தாள் வரிசையில் இல்லை. உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் தனியே கிடந்தது. எடுத்து மூன்றாம் வரிசையில் வைத்தேன். ஸ்டெல்லா சிரித்தாள்.

"அதில இடமில்லை அம்மம்மா. இந்தப் பச்சைப் பாடம் அந்த நேரம்தான் நடக்கும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா."

"அப்ப பச்சையைத் தூக்கு."

"ஓம், தூக்கப்போறன். அது இல்லாட்டியும் பட்டம் தருவினம். நீங்கள் இஞ்ச இருக்கவேணும்."

எனக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். "பச்சையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"பாதுகாப்பு. லைனில பிழை வந்தா, ஆருக்கும் அடிக்க முதல் கரண்டை நிப்பாட்டுறது."

என் அவர், அந்தோனி, துறைமுகக் கரையோரம் ஒரு ஐஸ் பக்டரியில் வயர்மன். அவருக்கு ஒரு பழக்கம்: லைனில் கை வைக்கும் முன் பீங்கான் பியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொள்வார். "கட்டை என்னட்ட இருந்தா எனக்கு மேல ஆரும் கரண்ட் விட ஏலாது" என்பார். சில நாள் மறந்துபோய் அதோடேயே சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். பின்னாலேயே சைக்கிளில் ஆள் வரும்: "அந்தோனியண்ணை, ஐஸ் எல்லாம் உருகுது, கட்டையைத் தாங்கோ!" விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தப் பீங்கான் பாரத்தில் பொக்கற்று அடி கிழிந்தது. "பின்னேரம் தைச்சுத் தாறன், இண்டைக்கு இப்பிடியே போயிட்டு வாங்கோ" என்றேன். அன்றைக்குக் கட்டையைப் பியூஸ் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு ஏணியில் ஏறியிருக்கிறார். படகுகள் ஐஸுக்கு நின்ற அவசரம். அவர் மேலே நிற்பது தெரியாத யாரோ அதை எடுத்துத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். கரண்ட் அடித்துச் செத்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பொக்கற்றுக் கதையை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை.

"அந்தப் பச்சையைப் படியாமல் லைனில கை வைப்பியோ?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"நான் தனியவே அம்மம்மா? பக்கத்தில ஆக்கள் நிப்பினம்."

"அண்டைக்கும் ஆக்கள் நிண்டவை."

அவள் பச்சைத் தாளைக் கையில் எடுத்தாள். "அப்ப நீங்கள் இஞ்ச வாறது?" என்றாள்.

"பச்சையை வை."

வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஃபேன் சுழன்று, நாலு அரையாண்டும் குசினி அடுப்பு வரைக்கும் பறந்தது. மதிலுக்கு மேலால் ரஞ்சினியின் தலை தெரிந்தது.

"அன்ரி, வந்திட்டுது! இப்ப சந்தோசமோ?"

"ஓம் பிள்ளை" என்றேன். ஸ்டெல்லா கதிரைகளுக்குக் கீழே குனிந்து நீலத்தையும் பச்சையையும் பொறுக்கினாள். மஞ்சள் என் காலடியில் வந்து கிடந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள் இல்லாமலே திட்டம் அனுப்பியாயிற்று. இங்கே வாசலில் பனி முழங்கால் மட்டும் நிற்கிறது. மஞ்சள் தாள் என் குளிர்ச் சட்டைப் பொக்கற்றில் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது விரலால் தடவிப் பார்ப்பேன். துறைமுகப் பக்கத்தில் எனக்கென்று ஒரு லைன் கரண்ட் இல்லாமல் நிற்கிறது. அதன் கட்டை என்னிடம். பொக்கற்றின் அடியை இரட்டை நூலால் தைத்திருக்கிறேன்.