வரைபடம் இல்லாத பிரதிகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தைத் தேடி அலைந்தேன். கடை கடையாக அல்ல... வீடு வீடாக!

கூட வந்தவர் மஹ்ரூப் நானா. புத்தளத்துக்குப் பக்கத்துப் பாலாவியில் தன் வீட்டு முன்னறையையே பதிப்பகமாக வைத்திருப்பவர். தொண்ணூறில், யுத்த நேரம், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னார்ப் பக்கத்து ஊரொன்றிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்தவர். இத்தனை வருடத்தில் அவர் போட்ட புத்தகங்களை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றும்... அடடா! நூல் தையல், சீலை மட்டை, தடித்த தாள், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு.

"ஆராய்ச்சி மட்டும் நல்லா இருந்தாப் போதாது தங்கச்சி. பிடிக்கிற கைக்கும் சந்தோசமா இருக்கணும்" என்பார்.

அவர் போட்ட முதல் புத்தகம் அவருடைய ஊரின் வரலாறு. காணி உறுதிகளையும் பள்ளிவாசல் பதிவுகளையும் வருடக்கணக்காகத் தேடி ஒரு ஆசிரியர் எழுதியது. அவர் இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். கடைசிப் பக்கத்தில் மடித்து ஒட்டிய பெரிய வரைபடம் ஒன்று இருக்கும். ஒழுங்கைகள், கிணறுகள், யார் வீட்டு வளவு எங்கே — எல்லாம் அதில்.

அச்சகத்தில் மடித்தால் கோணிப்போகும் என்று அந்தப் படத் தாள்களை நானா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பாய் விரித்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து மடித்தோம். அவருடைய மனைவி இறால் வைத்துப் பொரித்த இஸ்ஸோ வடையோடு வந்தால், "எண்ணெய்! எண்ணெய்!" என்று வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவார். பாவம், நாங்கள்!

நான் புத்தளத்துக்காரி. மற்றவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். மடித்துக்கொண்டே இருக்கும்போது ஒருவருடைய விரல் ஓரிடத்தில் நிற்கும். "இந்தா, எங்கட வாப்பாட கிணறு!" அவ்வளவுதான், வேலை நின்றுவிடும். அந்தக் கிணற்றில் விழுந்த ஆடு, பக்கத்து மாமரம், மாங்காய்ச் சண்டை... "கதை போதும், மடிங்க!" என்று நானா அதட்டுவார். அடுத்த நிமிடம் அவரே ஒரு கதையைத் தொடங்குவார். எவ்வளவு சிரித்தோம்! அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

சரி, எதற்கு இந்தத் தேடல்? ஊரைப் பார்க்காமல் இங்கேயே பிறந்த பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கேட்கிறார்கள். மறுபதிப்புப் போட வேண்டும். எழுத்தைத் திரும்பத் தட்டச்சு செய்யலாம். படத்துக்கு எங்கே போவது? மூலப்படம் வைத்திருந்த அச்சகம் மூடிவிட்டது. படத்தைப் பதிந்து வைத்திருந்த சீடி திறக்கவில்லை. நானாவின் பிரதிகள் வெள்ளத்தோடு போயின. என் பிரதியை இரவல் கொண்டுபோனவர் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்!

"படம் இல்லாம இந்தப் புத்தகம் வெளிய வராது" என்று நானா ஒரே பிடி.

முதலில் நுரைச்சோலையில் ஒரு வீடு. புத்தகம் இருந்தது. படம்? லேமினேட் செய்யப்பட்டுச் சுவரில் தொங்கியது. வெயில் பட்டுப் பாதி வெளுத்துவிட்டது.

அடுத்த வீட்டில் இளைஞர் ஒருவர் வெட்கமே இல்லாமல் சொன்னார். "சண்டை முடிஞ்சி ஊருக்குக் காணி பார்க்கப் போகக்குள்ள கிழிச்சிக் கொண்டு போனோம் நானா. ஊரே காடாக் கிடந்திச்சி. அத வச்சித்தான் எங்கட வளவக் கண்டுபிடிச்சோம்." அந்தப் படம் மடிப்பு மடிப்பாகப் பிய்ந்திருந்தது.

மூன்றாவது வீட்டில் இன்னும் மோசம். கிழித்தது போதாதென்று தங்கள் வளவின் எல்லையைப் பேனையால் கொஞ்சம் பெருப்பித்தும் வைத்திருந்தார்கள்!

நானாவின் முகம் கறுத்துவிட்டது. "இதுக்காகவா தங்கச்சி நான் நூல் தையல் போட்டேன்? புத்தகத்தக் கிழிக்க எப்படி மனசு வருது?" த்ரீவீலரில் புலம்பிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அவரைப் பார்க்கப் பாவம் ஒரு பக்கம்.

அப்போதுதான் எனக்கு முதற்பிரதி நினைவுக்கு வந்தது. நம் வெளியீட்டு விழாக்கள் தெரியுமே... முதற்பிரதியை மினுமினுக்கிற தாளில் சுற்றி, ரிபன் கட்டி, மேடையில் ஒரு பிரமுகருக்குக் கொடுப்போம். அன்று அதை வாங்கியவர் அதே ஊர்க்காரரான ஓர் உப்பு வியாபாரி, ஹாஜியார்.

புத்தளம் டவுனில் அவர் வீடு. ஷோகேஸில் கோப்பைகளுக்கு நடுவே புத்தகம் நின்றது. தாளும் ரிபனும் அப்படியே!

"இன்னும் பிரிக்கவே இல்லையா ஹாஜியார்?"

"சீச்சீ! மேடையில தந்த மாதிரியே பத்திரமா வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

பதிப்பித்த மனிதர் இதற்குக் கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா? நீங்களே சொல்லுங்கள். வாசித்தவர்கள் கையில் எல்லாம் கந்தல். வாசிக்காதவர் வீட்டில் மட்டும் முழுசாக ஒன்று!

நானா ரிபனை அவிழ்த்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் படத்தை விரித்தார். சின்னக் கறைகூட இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பெரிய பள்ளிவாசலில் தொடங்கிய அவர் விரல் ஒழுங்கை வழியே போய் ஓரிடத்தில் நின்றது.

"இது... எங்கட உம்மாட வீடு."

அவர் பிறகு நிமிரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மஹ்ரூப், புத்தகத்த நீங்க கொண்டு போங்க. இந்தப் படத்த மட்டும் எனக்குக் கிழிச்சித் தாங்களேன்."

போச்சு என்று நினைத்தேன். நானா கத்தப் போகிறார்! அவரோ படத்தை மெல்ல மடித்து, "ஸ்கேன் பண்ணிட்டு நாளைக்கே கொண்டு வந்து தாறேன் ஹாஜியார்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் நானா புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தார். பாலாவிச் சந்தியில் இறங்கும்போது சொன்னார்.

"தங்கச்சி, இந்த முறை ஒவ்வொரு புத்தகத்துலயும் ரெண்டு படம் வைப்போம்."

"ஏன் நானா ரெண்டு?"

"ஒண்டு புத்தகத்துக்கு. மத்தது கிழிக்க."