தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது

நான் குடிக்கிறவன் இல்லை. என் கல்யாணத்திலேயே சோடா குடித்தவன். ஆனால் ஈரலில் கொழுப்பு என்று சொன்னதும், கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் ஒருத்தரும் நம்பவில்லை. “எங்களுக்குத் தராம ஒளிச்சு அடிச்சிருக்கீங்க அண்ணே” என்றார்கள். நான் அடித்ததெல்லாம் கொத்து ரொட்டியும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்ட சோறும்தான்.

டொக்டரம்மா பொறுமையாக விளங்கப்படுத்தினார். கொழுப்போடு சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருக்கிறது. ஈரல் தழும்பேறி இறுகியிருந்தால் பிற்பாடு புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நிறையச் சொன்னார். என் காதில் புற்றுநோய் என்ற ஒரு சொல்தான் தங்கியது.

காரணம் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவரும் குடிக்காதவர். அவர் வயிறு வீங்கியபோது “தொப்பைக்கு வாடகை வாங்குறீங்களா?” என்று கேட்டவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஈரலில் கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. வீட்டில் அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும்வரை, உடுப்பு மாற்றிப் பார்க்கும் அறைக்குள் புகுந்து அளவு நாடாவால் வயிற்றை அளந்துகொண்டிருந்தேன். காலையில் ஓர் அளவு, பகல் சோற்றுக்குப் பிறகு ஓர் அளவு. கூடியது சோறுதான் என்று புத்திக்குத் தெரியும். கைதான் நம்பாமல் வலப்பக்க விலாவுக்குக் கீழே தடவிக்கொண்டே இருந்தது. சேலை பார்க்க வந்த ஒரு அம்மா, “தம்பிக்கு வயித்து வலியா?” என்று கேட்டார். “இல்லம்மா, தொலைஞ்ச பொத்தான் தேடுறேன்” என்றேன்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். நர்ஸ் மிஸ் கேட்டார்: “ஏதும் சாப்பிட்டீங்களா?”

“இல்ல மிஸ். தேத்தண்ணி மட்டும்.”

“பிளேன்டீயா?”

“வீட்டுல பிளேன்டீ. பஸ் ஹோல்ட்டுல பால் தேத்தண்ணி.”

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். விரதத்திலும் தேத்தண்ணி உண்டு, செத்த வீட்டிலும் உண்டு. அதைப் போய்ச் சாப்பாட்டில் யார் சேர்த்தது?

பகல் திரும்பும்வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் மனைவி.

“ஈரல் கெட்டுச்சோ இல்லையோ, இந்த நாக்கு கெட்டுப்போச்சு” என்றாள்.

“அதுக்கும் ஸ்கேன் இருக்கானு கேக்கவா?”

ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் அவள் விரல்கள் என் சட்டை நுனியைப் பிடிப்பதைக் கண்டேன். மச்சானோடும் இப்படி ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தவள் அவள். அதற்குப் பிறகு எனக்குப் பகிடி பேச வரவில்லை.

கடைசியில் படுக்க வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்துச் சுண்டினார்கள். பலாப்பழம் பழுத்ததா என்று தட்டிப் பார்ப்பது மாதிரி. பிறகு வழுவழுப்பான ஏதோ பூசி, திரையில் ஈரலைப் பார்த்தார்கள். பார்த்தவர் ஓர் இடத்தில் கையை நிறுத்தினார். நான் மூச்சை நிறுத்தினேன். அவர் தும்மத்தான் நிறுத்தியிருந்தார்.

“கட்டி ஒன்னும் இல்ல,” என்றார் டொக்டரம்மா. “ஆனா ஈரல் நல்லா இறுகிப் போயிருக்கு. எடையைக் குறைக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து ஸ்கேன் எடுக்கணும்.”

“எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?”

“உயிரோட இருக்கிற வரைக்கும்.”

“அப்போ நிறையத் தடவை வரப் பாக்கிறேன்.”

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

இன்று இரண்டாவது ஸ்கேன். விடிந்ததும் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் கேத்தல் இல்லை. தேயிலைப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். தேத்தண்ணி குடிக்காமல் கண் திறக்காதவள், வெறும் வயிற்றோடு சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவளை யாரும் ஸ்கேன் எடுக்கப் போவதில்லை.

சொல்ல ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டேன்.