அத்தான் தைத்த இருக்கை

அத்தான் வாங்கிவந்த அந்தக் காருக்குள் ஓட்டுபவரின் இருக்கையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பக்கத்துப் புறநகரான டண்டினோங்கில் அதைப் பந்தயத்துக்கு ஓட்டிய ஒருவன், பாரத்தைக் குறைப்பதற்காகத் தரைவிரிப்பு, கதவுகளின் உள்பலகை, கூரைத் துணி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்திருந்தான். வெளியே கரும்பச்சையில் பளபளக்கும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே பசைக்கறையும் துருவும் படிந்த வெறும் தகரம். அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாத்தியே, எனக்கு இருக்க இடமில்லாத கார் ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார்" என்றாள். அன்று மூவரும் சிரித்தோம்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. இன்று எங்கள் புறநகரான நோபல் பார்க்கில் இறங்கி நடந்தால் எங்கள் தமிழ் காதில் விழாமல் போகாது. அன்று இந்த அந்நிய நாட்டில் ஒரு சாவீட்டுக்குக் கூடுவதற்கும் எங்கள் ஆட்கள் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்துகொண்டு அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். அத்தான் நீர்வழங்கல் பகுதியில் பொறியியலாளர். குழாய், அழுத்தம், பம்பு என்றால் மணிக்கணக்கில் பேசுவார். யாராவது கண்கலங்கினால் மட்டும் எதையோ தேடுவதுபோல எழுந்து போய்விடுவார். எங்கள் அம்மா இறந்த செய்தி வந்த அன்று அவர் போய்ப் புல் வெட்டினார். அக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளுக்கு அவரின் போக்குப் பழகியிருந்தது.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அக்காவுக்கு முதுகு நோவு தொடங்கியது. மார்பில் தோன்றிய புற்றுநோய் முள்ளந்தண்டுவரை பரவிவிட்டது என்று கடைசியில் சொன்னார்கள். செய்வதற்கு அதிகம் இல்லை என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. வீடு திரும்பியதும் அத்தான் அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்த கையோடு நேரே கராஜுக்குள் போனார்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த வேலை, அதன்பின் வெறியானது. பழைய கார்களை உடைக்கும் இடத்திலிருந்து ஓர் இருக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்து, துருவைத் தேய்த்து, அடியில் புதிய பட்டிகளை இழுத்துக் கட்டினார். முதுகுப் பக்கத்துக்கு மட்டும் மூன்று வகை ஸ்பொஞ்சை மாறி மாறி வெட்டி ஒட்டிப் பார்த்தார். மேலே போடச் சிவப்புத் தோல். அக்காவின் தையல் மெஷினில் ஊசிகள் உடையத் தொடங்கியதும் கையாலேயே தைத்தார். நான் வேலைக்குக் கிளம்பும்போதும் கராஜில் தட்டும் சத்தம் கேட்கும், திரும்பும்போதும் கேட்கும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அக்கா படுத்திருந்தாள். ஒருநாள் நான் உடம்பு துடைத்துவிடும்போது சொன்னாள்: "எனக்காகத்தான் செய்யிறார், தெரியும். ஆனா நான் கூப்பிட்டாக் கேக்காத தூரத்திலையெல்லோ நிக்கிறார்."

எனக்குப் பொறுக்கவில்லை. கராஜுக்குப் போய், உங்களுக்கு மனைவி முக்கியமா கார் முக்கியமா என்று கேட்டேன். அவர் விரல்களில் பசை காய்ந்திருந்தது. தோலின் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடியே பேசினார்.

"உள்ளுக்கை வந்தா அவள் என்ரை முகத்தைப் பாக்கிறாள். சொல்லுறதுக்கு என்னட்டை ஒண்டும் இல்லை. இதை முடிச்சா அவளைக் கடற்கரைக்கெண்டாலும் கொண்டுபோகலாம்."

"அக்காவுக்கு இனி நிமிர்ந்து இருக்கவே ஏலாது, அத்தான்."

அவர் சுத்தியலை எடுத்தார். நான் வீட்டுக்குள் வர, மறுபடி தட்டத் தொடங்கினார்.

வசந்தம் பிறந்தபோது வேலை முடிந்தது. கதவுக்குக் கறுப்பு உறை, தரைக்குத் தடித்த விரிப்பு, ஓட்டுபவரின் இருக்கைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு இருக்கை. எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஒரு காலை வேளையில் அக்காவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனோம். வேண்டாம் என்று நான் சொன்னேன். போவோம் என்று அக்காதான் சொன்னாள். அந்தக் கார் நிலத்தோடு ஒட்டியது. உள்ளே போவதென்றால் உடம்பை மடித்து இறங்கவேண்டும். முதுகு மடிந்த அந்தக் கணத்தில் அவளிடமிருந்து வந்த ஒலியை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து படுக்கவைத்தோம்.

மறுநாள் கராஜில் திருகாணி கழற்றும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் உடைக்கப்போகிறார் என்று பயந்தேன். அத்தான் இருக்கையை மட்டும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அதைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, அடியில் இரண்டு மரக்கட்டைகளைச் செருகிவிட்டு, தானே அதில் உட்கார்ந்தார். அவ்வளவு தாழ உட்கார்ந்ததில் அவர் முகம் அக்காவின் தலையணைக்கு நேராக வந்தது.

முதலில் தையலைக் காட்டி ஏதோ விளக்கத் தொடங்கினார்.

"காரைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்றாள் அக்கா.

அவர் நிறுத்தினார். "வேறை என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"ஒண்டும் கதைக்க வேண்டாம். எழும்பிப் போகாமல் இருங்கோ."

அவர் போகவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தார். அவரைச் சுற்றித்தான் நான் துணி மாற்றினேன், மருந்து கொடுத்தேன். ஒருமுறை கதவைத் திறந்தபோது அவர் முகத்தை மூடாமல் அழுதுகொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

ஒரு முற்பகலில் நான் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது அக்கா இறந்தாள். அவர் கூப்பிடவில்லை. கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனபோது அவள் கையைப் பிடித்தபடி அதே இடத்தில் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்பதான்" என்றார்.

நான் குனிந்து அக்காவின் மற்றக் கையைத் தொட்டேன். அது ஏற்கெனவே குளிர்ந்துவிட்டிருந்தது. "ஓம் அத்தான், இப்பதான்" என்று சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்தேன்.