பதிமூன்றாவது ஆள்

யேசுதாஸைச் சீட்டாட்டக்காரன் என்று கவரைப்பேட்டையில் யாரும் சொன்னதில்லை. குடிக்க மாட்டான். ஞாயிறு ஆராதனைக்குத் தவற மாட்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. கட்டி வைத்த கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டுவான். மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கும் லோகு தூக்குவான். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே லோகுதான்.

போக்கர் அவனுக்கு ஊரடங்குக் காலத்தில் போனில் தொற்றிக்கொண்ட பழக்கம். பணம் கட்டி ஆடியதில்லை. இலவசப் போட்டிகள் மட்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளான சிப்புகள் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டியதுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நடுவில் தள்ளும் ‘ஆல்-இன்’னை எப்போது சொல்வது என்பதுதான் ஆட்டமே. யேசுதாஸ் மணிக்கணக்கில் சீட்டை மடித்துப் போட்டு, சுற்றுச் சுற்றாக விலகிக்கொண்டே இருப்பான். பெரிய ஜோடி வந்தால்தான் வாயைத் திறப்பான். ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் வந்து அந்த ஆப்களெல்லாம் மூடிய பிறகு, சாப்பாட்டு நேரத்தில் லோகுவுக்கும் இன்னும் சிலருக்கும் அவனே சொல்லிக் கொடுத்தான். “ஏசு ஆல்-இன் சொன்னா மூடிக்கினு எழுந்துடு” என்று ஷெட்டில் ஒரு பேச்சே உண்டு.

போன ஜூன் மாதம் காண்ட்ராக்டர் குணாவின் காதுக்கு இது போயிற்று. அவருக்குக் கீழே இருந்த பதினெட்டு ஒப்பந்த ஆட்களுக்கும் ஆலைக்குள் நுழைய மாதாமாதம் கேட் பாஸ் போட்டுத் தருகிறவர் அவர். வருடத்துக்கு இரண்டு முறை கோவாவுக்குச் சூதாடப் போய் வருகிறவர்.

“நம்ம பசங்க போக்கர் ஆடறானுங்களா? ஞாயித்துக்கெழம வாங்கடா. பைபாஸ் மண்டபத்துல மாடி ரூம் சொல்லிக்கிறேன். டப்பு ஒண்ணும் வேணாம். பிரியாணி என்னுது.”

பதினெட்டுப் பேரும் போனார்கள். பாஸ் போடுகிறவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? யேசுதாஸ் ஆராதனை முடிந்து நேராகப் போனான். மூன்று மேஜை, மேஜைக்கு ஆறு பேர். புதுச் சீட்டுக் கட்டுகள். ஒவ்வொருவர் முன்னாலும் சிப்புகள் அடுக்கி வைத்திருந்தது. குணா ஆடவில்லை. கதவோரம் ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. ஃபர்னஸ் பக்கம் வேலை செய்யும் அரசப்பனுக்கு ஆட்டமே சரியாகத் தெரியாது. ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு ஆல்-இன் சொன்னான், தோற்றான், “சரி, நான் சாப்ட போறேன்” என்று எழுந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் பிரியாணித் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு குணா எழுந்தார்.

“ஒரு விஷயம் சொல்லணும்டா. ஆர்டர் கொறஞ்சு போச்சு. அடுத்த மாசத்துலருந்து பன்னெண்டு பேருக்குத்தான் பாஸ் போட முடியும்னு கம்பெனில சொல்ட்டாங்கோ. யார அனுப்பறதுன்னு எனக்கும் பேஜாரா இருந்துச்சு. நானா ஒருத்தன் பேரச் சொன்னா பாவம். அதான் இப்டி. மொதல்ல எழுந்திரிக்கற ஆறு பேரு.”

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அரசப்பனின் கை தட்டிலேயே நின்றுபோயிருந்தது.

“அண்ணே, எனக்கு ஆடவே தெரியாதுண்ணே,” என்றான்.

“அப்ப இன்னாத்துக்கு ஒக்காந்த?” குணா கோபப்படாமல்தான் கேட்டார். “சாப்டு.”

யேசுதாஸ் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தான். எழுந்தாலும் அந்த ஆறில் ஒருவன்தான். அவன் முன்னாலிருந்த சிப்புகளின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான். அதன் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

மனைவி கிறிஸ்டினா போனில் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, எல்லாரும் முறைவைத்து நடுவில் வைக்க வேண்டிய கட்டாயச் சிப்பு இரட்டிப்பானது. மடித்துக்கொண்டே ஒளிந்திருந்தால் அதுவே சிப்புகளைத் தின்றுவிடும். இரண்டாவது ஆள் போனான், மூன்றாவது ஆள் போனான். ஒருவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வரவில்லை.

நான்கு பேர் போயிருந்தபோது யேசுதாஸுக்கு இரண்டு ராஜா வந்தது. அவன் முறைக்கு முன்னால் பரத், அந்த மேஜையில் அதிகச் சிப்பு வைத்திருந்தவன், ஆல்-இன் சொன்னான். வேறு எந்த நாளாக இருந்தாலும் யேசுதாஸ் யோசித்திருக்க மாட்டான். ராஜா ஜோடி நூறில் எண்பது தடவை ஜெயிக்கும். ஆனால் மிச்சம் இருபது தடவை? ஜெயித்தால் ஒரு குவியல் சிப்பு. அதை வைத்து என்ன செய்வது? பாஸ் ஒன்றுதானே. தோற்றால் கேட்டுக்கு வெளியே. அவன் இரண்டு ராஜாக்களையும் கவிழ்த்து மடித்தான். நல்ல சீட்டைத் தூக்கிப் போட்டதில் அவனுக்கு முதன்முதலாக ஒரு நிம்மதி வந்தது.

ஐந்தாவது ஆளும் எழுந்தான். பதிமூன்று பேர் மிச்சம். இன்னும் ஒரே ஒருவன்.

மேஜைகள் இரண்டாயின. லோகு யேசுதாஸின் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தான். லோகுவிடம் ஒரு கைப்பிடிச் சிப்புகூட இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தார்கள்.

அடுத்த சீட்டு போட்டதும் லோகு தன் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். பிறகு இருந்ததையெல்லாம் முன்னால் தள்ளினான்.

“ஆல்-இன்.”

ஒவ்வொருவராக மடித்தார்கள். கட்டாயச் சிப்பு வைத்திருந்த யேசுதாஸ் ஒருவன்தான் பாக்கி. அவன் தன் சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தான். இரண்டு ஏஸ்.

அதற்கு மேல் சீட்டு கிடையாது. இந்தக் கைக்காகத்தான் அவன் மணிக்கணக்கில் காத்திருப்பான். தோற்றாலும் லோகுவிடம் இருந்த அளவுதான் போகும். அவனுக்கு ஆபத்தில்லை. ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், லோகுவைத் தவிர. மடித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லோகு இன்னும் சில சுற்று பிழைப்பான். ஆனால் கட்டாயச் சிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எழுந்திருப்பது யேசுதாஸாகவும் இருக்கலாம்.

மேஜையைச் சுற்றி எல்லாருடைய கண்ணும் அவன் மேல் இருந்தது. அடுத்த மேஜையிலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“போடு ஏசு,” என்றான் பரத், மெதுவாக. “முடிச்சுடு.”

லோகுவின் பார்வை மேஜையை விட்டு எழவே இல்லை.

“ஆடறேன்,” என்றான் யேசுதாஸ்.

தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் இரண்டு ஏஸையும் திருப்பிப் போட்டான். லோகுவின் கையில் ஒன்பதும் ஆறும். யாரோ மூச்சு விட்டார்கள். நடுவில் ராஜா, ஒன்பது, மூன்று விழுந்தன. பிறகு நான்கு. கடைசிச் சீட்டு இன்னொரு ஒன்பது.

கையில் ஒன்று, நடுவில் இரண்டு, மொத்தம் மூன்று ஒன்பது; ஏஸ் ஜோடியைவிடப் பெரிது. லோகு பிழைத்துவிட்டான்.

அவன் சிப்புகளை இழுத்துக்கொள்ளும்போதுதான் தலையைத் தூக்கி யேசுதாஸைப் பார்த்தான். கோபம் இல்லை. புதிதாக ஓர் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

பத்து நிமிடம் கழித்து அடுத்த மேஜையில் ஒருவன் எழுந்தான். குணா கைதட்டி, “அவ்ளோதான்டா, எல்லாம் சாப்டுங்க” என்றார். யேசுதாஸுக்கு வேலை நிலைத்தது. லோகுவுக்கும் நிலைத்தது.

வீட்டுக்கு வந்து கிறிஸ்டினாவிடம் நடந்ததைச் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள்.

“லோகு அண்ணன்னு தெரிஞ்சுமா?”

“ரெண்டு ஏஸ்டி.”

“அதக் கேக்கல,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

திங்கட்கிழமை லோகு கூண்டில் ஏறினான். யேசுதாஸ் கீழே நின்று சங்கிலி மாட்டிக் கையை உயர்த்தினான். இரண்டு டன் கம்பி எழுந்தது. பதினோரு வருடத்தில் அவன் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை, பார்க்க வேண்டியிருந்ததில்லை. அன்று பார்த்தான். கூண்டுக் கண்ணாடியில் வெயில் பட்டு லோகுவின் முகம் தெரியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை. லோகு எப்போதும்போல நாஷ்டா வாங்கி வந்தான், எப்போதும்போலப் பாதியை இவன் பக்கம் தள்ளினான். ஆறு பேர் குறைந்த ஷெட்டில் அதே வேலையைப் பன்னிரண்டு பேர் செய்தார்கள். யேசுதாஸ் சங்கிலி மாட்டியதும் முன்னைவிட நாலடி தள்ளிப் போய் நின்றான். பிறகு எட்டடி.

ஆகஸ்டில் ஒரு மதியம், குனிந்து வேறொரு கட்டை எண்ணிக்கொண்டிருந்தவன் மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தான். தலைக்கு நேர் மேலே கம்பிக் கட்டு போய்க்கொண்டிருந்தது. ஆள் இருக்கும் இடத்தைத் தாண்டும்போது மேலிருந்து மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அவன் பின்னால் பாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். கட்டு அதன் பாட்டுக்குப் போய் லாரியில் இறங்கியது.

ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் லோகுவை நிறுத்தினான்.

“மணி அடிக்கல நீ.”

“அடிக்கலயா?” லோகு யோசித்தான். “மறந்துட்டிருப்பேன்டா. டபுள் ஷிப்டு பார்த்துக்கினு கீறேன், கண்ணே சொருகுது.”

“லோகு, அன்னிக்கி...”

“அத வுடு.”

“இல்ல, சொல்லு. மனசுல வச்சிக்கினு கீறியா?”

லோகு வண்டிச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றான். “இன்னாத்துக்கு வச்சிக்கணும்? ரெண்டு ஏஸு வந்தா யாரு மடிப்பான்? நானா இருந்தாலும் போட்டிருப்பேன்டா.” அவன் தோளில் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். அந்த வார்த்தைதான் யேசுதாஸைத் தூங்கவிடாமல் செய்தது. இவன் உன் இடத்தில் இருந்தாலும் போட்டிருப்பான். இப்போது இவன் மேலே இருக்கிறான், நீ கீழே இருக்கிறாய்.

நவம்பரில் மழையோடு ஆர்டரும் மறுபடி குறைந்தது. குணா ஷெட்டுக்கு வந்து, சிரித்த முகமாக, “வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் மண்டபத்துக்கு வந்துடுங்கடா” என்றார். இந்த முறை எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் பரத் ஒரு பழைய சீட்டுக் கட்டை எடுத்து வந்து, “ஏசு, இன்னொரு வாட்டி சொல்லிக் குடுடா” என்றான். சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். லோகுவும் அதில் இருந்தான்.

யேசுதாஸ் சொல்லிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாஸைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

இப்போது காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் பொருள் ஏற்றி இறக்குகிறான். சம்பளம் குறைவு. இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தப் பட்டறையில் கிரேன் கிடையாது. தலைக்கு மேல் தகரக் கூரைதான். ஆனாலும் நிழல் விழுந்தால் விலகி நிற்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் யார் எழுந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த நாள் லோகுவின் மனைவி ஈஸ்வரியிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. கிறிஸ்டினா போனை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“எடு. இன்னான்னு கேளு.”

அது அடித்து ஓயும்வரை அவன் வாங்கவில்லை. ஈஸ்வரி அதன் பிறகு கூப்பிடவில்லை.